எந்த மாவட்டம், தங்கச்சி?

கண்டி

தமிழ்நாட்டிலிருந்து கண்டிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தலதா மாளிகைப் புத்தர் கோயிலைக் கும்பிட்டு, ஏரியைச் சுற்றி ஒரு நடை நடந்து, மறுநாள் நுவரெலியாவுக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். மாளிகைக்கு எதிர்ப்புறம் இருக்கும் பத்தினி தேவாலயத்துக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. உள்ளே இருப்பது நம் கண்ணகி. அம்மை நோய்க்கு நேர்ந்துகொள்வதும், பிள்ளை நல்லபடி பிறக்க வேண்டும் என்று வேண்டுவதும் இங்கே சிங்களத்தில் நடக்கிறது. எசல பெரஹராத் திருவிழாவில் நாத, விஷ்ணு, கதிர்காமத் தேவாலயங்களின் ஊர்வலங்களோடு பத்தினியின் ஊர்வலமும் யானைகளோடு போகும். மதுரையை எரித்தவளுக்கு இந்தக் குளிரில் இத்தனை மரியாதை.

அந்த ஏரியில் எனக்கும் கொஞ்சம் ஊர்க்காரப் பாத்தியதை உண்டு. அதைக் கட்டிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் உயிர்விட்டது எங்கள் வேலூரில். 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நாயக்க வம்சத்து ராஜாக்கள் நால்வரில் கடைசி ஆள் அவர். பாலாற்றங்கரையில் அவர் சமாதியைச் சுற்றி முத்து மண்டபம் என்று ஒன்று கட்டியிருக்கிறார்கள். வேலூர்க்காரர்களிலேயே பாதிப் பேர் அங்கே போனதில்லை.

நான் கண்டிக்குச் சுற்றிப்பார்க்க வரவில்லை, வேலைக்கு வந்தேன். வேலூரில் மாடியை வாடகைக்கு விடுவது ஒரு தொழில். வைத்தியத்துக்கு வரும் வங்காளிகள், ஒடியாக்காரர்கள், பங்களாதேஷிகள் என்று எங்கள் வீட்டு மாடியில் யாராவது இருந்துகொண்டே இருப்பார்கள். ஒரு தடவை வந்தது ஒரு சிங்களத் தம்பதி. அந்த அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. ஒரு மாதத்துக்கு மேல் தங்கினார்கள். கஞ்சியும் ரசமும் எங்கள் அடுப்பில் இருந்துதான் போயிற்று. கிளம்பும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கள் ஊரில் சின்ன விடுதி வைத்திருக்கிறோம். நங்கி ஒரு தடவை வந்து கூட இருக்க வேண்டும்" என்றார், பாதி ஆங்கிலத்திலும் பாதி சைகையிலும். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கை. ஊருக்குக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் இப்படிச் சொல்வதுதான். இவர்கள் நிஜமாகவே விடுதி வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

திகன, தெல்தெனிய

கண்டியிலிருந்து மஹியங்கனை போகும் பஸ் குண்டசாலை, திகன தாண்டும் வரை ஊராகவே போகிறது. பிறகு வலப்பக்கம் தண்ணீர் தெரிய ஆரம்பிக்கிறது. மகாவலியை மறித்து எழுப்பிய விக்டோரியா அணையின் நீர்த்தேக்கம். அணையின் உயரம் 122 மீட்டர். இலங்கையில் இதைவிட உயரமான அணை இல்லை. பிரிட்டன் பணம் கொடுத்ததால் 1985-இல் திறப்புக்கு மார்கரெட் தாட்சரே வந்தார். பழைய தெல்தெனிய டவுன் அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. கடும் கோடையில் நீர் வற்றினால் பழைய சுவர்கள் தலைகாட்டும், ஜனங்கள் தங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடிப் போய்ப் பார்ப்பார்கள் என்று பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார்.

தெல்தெனியவில் ஒரு பேக்கரியில் தேநீர் குடித்தேன். மீன் அடைத்த முக்கோண பன் சூடாக வந்தது. கல்லாவில் இருந்த முஸ்லிம் பெரியவர் என் பேச்சைக் கேட்டதும், "வாங்க மகள், இந்தியாவா? நான் நாகூருக்கு வந்திருக்கிறேன்" என்று நல்ல தமிழில் ஆரம்பித்தார். 2018 மார்ச்சில் இந்தத் திகன, தெல்தெனியப் பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் கொளுத்தப்பட்டு, நாடு முழுக்க அவசரகாலச் சட்டம் போட்டார்கள். அதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். பன்னுக்கு மட்டும் வாங்கினார். வியாபாரி!

மெதமஹநுவர

தெல்தெனியவுக்குப் பிறகு பாதை ஏறத் தொடங்குகிறது. மெதமஹநுவரவில் தலையைத் தூக்கி நிற்கும் மலையைப் பார்த்தாலே ராஜாக்கள் ஏன் இங்கே ஓடி வந்தார்கள் என்று புரிந்துவிடும். அன்னியப் படை கண்டிக்குள் நுழைந்தபோதெல்லாம் அரச குடும்பம் பதுங்கிய இடம் இது. 1815 பிப்ரவரியில் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்தபோது ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் இரண்டு ராணிகளோடு இந்தப் பக்கம்தான் வந்தார். ஒரு வீட்டில் ஒளிந்திருந்தவரைப் பிப்ரவரி 18 அன்று பிடித்தார்கள். பிடித்தது வெள்ளைக்காரச் சிப்பாய் அல்ல, எக்னெலிகொட என்ற சிங்களப் பிரதானியின் ஆட்கள். கட்டி இழுத்தார்கள், ராணிகளின் காதிலிருந்து நகைகளைப் பிய்த்தார்கள். மார்ச் 2 அன்று கண்டி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ராஜா கொழும்பு, சென்னை வழியாக வேலூர்க் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்து, 1832 ஜனவரியில் அங்கேயே இறந்தார்.

பிடிபட்ட இடத்தில் ஒரு நினைவுக் கல் இருக்கிறது. விடுதிக்காரத் தம்பதி என்னை அங்கே கூட்டிப்போனார்கள். அவர்கள் வேலூரில் இருந்தபோது சமாதிக்கு அவர்களைக் கூட்டிப்போனது நான். "அவர் நல்ல ராஜா இல்லை" என்றார் விடுதிக்காரர். பிரதானி எஹெலேபொலவின் மனைவி மக்களை ராஜா கொன்றவிதம் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. விடுதிக்காரரின் மனைவி சிங்களத்தில் ஏதோ சொல்லி அவரை அடக்கினார். விருந்தாளிக்கு முன்னால் அவள் ஊர் ராஜாவைத் திட்டக் கூடாது என்று நினைத்திருக்கலாம். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. கொடுமைக்காரர் என்பதில் எனக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் அவரை விரட்டிய ஆங்கிலேயர் அதற்குப் பிறகு இந்த மலைகளில் செய்ததைப் பார்க்கும்போது, எது கொடுமை என்று அவ்வளவு சுலபமாகத் தீர்ப்பெழுத முடியவில்லை.

ஹுன்னஸ்கிரிய

ஒரு கடைத்தெரு, ஒரு சந்தி, மருந்துக்கடை, காய்கறிக் கடைகள், எந்நேரமும் நாலைந்து ஆட்டோ. ஹுன்னஸ்கிரிய அவ்வளவுதான். நேரே போனால் உடதும்பர தாண்டி, பதினெட்டு வளைவு என்று பேர்பெற்ற இறக்கத்தில் மஹியங்கனைச் சமவெளிக்கு இறங்கலாம். இடப்பக்கம் திரும்பினால் நக்கிள்ஸ் மலைத்தொடர். முஷ்டியை மடக்கினால் தெரியும் கணுக்களைப் போல இருக்கிறதென்று வெள்ளைக்காரன் வைத்த பெயர். ஊர்க்காரர்களுக்கு அது தும்பறை மலை.

அந்தத் தம்பதியின் விடுதி இங்கேதான். மூன்று அறைகள், ஒரு கூடம். கூடத்தில் இரண்டடுக்குக் கட்டில்கள். காலையில் படுக்கை விரிப்புகளை உதறுவது, பதிவேடு எழுதுவது, சமையலறையில் கைகொடுப்பது என் வேலை. விரிப்பு காய்வதுதான் பெரிய பாடு. வேலூரில் காலை பத்து மணிக்குக் கொடியில் போட்டால் பதினொன்றுக்கு அப்பளம்போல் விறைத்துவிடும். இங்கே மூன்று நாள் தொங்கினாலும் ஈரம் போகாது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மூடுபனி கூடத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வருகிறவர்கள் ஜெர்மன், டச்சு, பிரெஞ்சு, இஸ்ரேல்காரர்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள். முதுகில் தங்களைவிடப் பெரிய பை. காலையில் மலைக்குப் போய், சாயந்திரம் காலில் ரத்தம் வழிய வந்து நிற்பார்கள். அட்டை. கால் முழுக்கச் சோப்புத் தேய்த்துக்கொண்டு போகச் சொன்னால் சிரிப்பார்கள், மறுநாள் அவர்களே சோப்புக் கேட்பார்கள். கடித்த இடத்துக்குச் சித்தாலேப தைலம். இந்த நாட்டில் தலைவலி, சளி, சுளுக்கு, அட்டைக்கடி எல்லாவற்றுக்கும் அந்தச் சின்ன டப்பாதான் மருந்து. அவர்களோடு ராத்திரி சீட்டாடியதும் பேசியதும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் எல்லாரும் வீட்டை விட்டுச் சற்று விலகி இருக்கவே வந்தவர்கள். வீட்டு நினைப்பு வந்து தவிக்கிற ஒருத்திக்கு அவர்கள் துணையில்லை.

துணையாக வந்தது துணி துவைக்க வரும் அக்கா. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் குடியிருப்பவர். வயது ஐம்பது இருக்கும். பதினெட்டு வயதில் கொழுந்து எடுக்கத் தொடங்கி, முட்டி தேய்ந்த பிறகு இந்த வேலைக்கு வந்திருக்கிறார். நான் வாயைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"எந்த மாவட்டம், தங்கச்சி?"

"வேலூருக்கா."

"அது திருச்சிக்குப் பக்கமா?"

"இல்லக்கா, மெட்ராஸ் பக்கம்."

"அப்ப துறையூர் தூரம்தான்" என்று விரிப்பை முறுக்கிப் பிழிந்தார். அவருடைய பாட்டியின் அம்மா துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கிராமத்தின் பெயரை எங்கேயோ வழியில் தொலைத்துவிட்டார்கள்.

அவர் மறுநாள் எனக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கோதுமை மாவில் பாதிக்குப் பாதி துருவிய தேங்காய், உப்பு, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், பச்சை மிளகாய். எண்ணெய் கிடையாது. தண்ணீர் தெளித்துப் பிசைந்து, உருண்டையை உள்ளங்கையில் தட்டிக் கனமாகக் கல்லில் போட்டார். விரலாலேயே திருப்பினார், கரண்டி என்ற பேச்சே இல்லை. அங்கங்கே கருகி, தேங்காய் வறுபட்ட வாசனை வந்ததும் எடுத்துவிட்டார். தொட்டுக்கொள்ளக் கட்டச் சம்பல். காய்ந்த மிளகாயையும் உப்பையும் அம்மியில் வைத்து இழுத்து, மாசிக் கருவாட்டுத் தூளும் வெங்காயமும் சேர்த்து நசுக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்தது. முதல் வாயில் காது அடைத்துக்கொண்டது. இரண்டாவது ரொட்டியைக் கேட்டுத்தான் வாங்கினேன். தோட்டங்களில் மாவு பங்கீடாகக் கிடைத்த காலத்தில் வந்த பழக்கம். வயிற்றில் கல்லாட்டம் கிடக்கும், மத்தியானம் வரை பசிக்காமல் மலையேறலாம். அந்தக் கணக்கில் பிறந்த சாப்பாடு இப்போது வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் காலை உணவாகப் போகிறது. அவர்கள் அதன்மேல் ஜாம் தடவிக்கொள்கிறார்கள். பார்க்கச் சகிக்காது.

இட்லி தோசைக்குக் கண்டிக்குப் போனால் கிடைக்கும். எனக்குத் தீராத குறை காப்பிதான். இலங்கையில் எங்கு போனாலும் தேத்தண்ணி. கோப்பி என்று கேட்டால் பொடி டப்பா, அதோடு பால்மா. இதில் வேடிக்கை, இந்த மலைகள் முதலில் காப்பிக்காக அழிக்கப்பட்டவை. ரங்கல, மெதமஹநுவர எல்லாம் 19-ஆம் நூற்றாண்டில் பெயர்பெற்ற காப்பி வட்டாரங்கள். அக்காவின் முன்னோர்களைப் போன்றவர்கள் முதலில் நடத்திக் கொண்டுவரப்பட்டது காப்பி பறிக்கத்தான். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1869-இல் இலைத்துரு நோய் தலைகாட்டி, இருபது வருஷத்துக்குள் காப்பியைத் துடைத்துப் போட்டது. அப்புறம்தான் மலையெல்லாம் தேயிலை.

ஆனாலும் சிங்கள வீடுகளின் கொல்லையில் நாலு காப்பிச் செடி இன்னமும் நிற்கிறது. விடுதிக்குக் கீழ் வீட்டு ஆச்சி சிவந்த பழத்தைப் பறித்து, காயவைத்து, வறுத்து, உரலில் இடித்து வைத்திருந்தார். இடிக்கும்போது இஞ்சியும் கொத்தமல்லியும் போடுவார். பால் கிடையாது. ஒரு கையில் கோப்பை, மறு கையில் கித்துல் கருப்பட்டித் துண்டு. கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். கும்பகோணம் டிகிரி காப்பிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் விடிகாலைப் பனியில் அந்த வறுத்த வாசனை மேலே ஏறி வரும்போது, எங்கள் தெருவில் காப்பிக்கொட்டை அரைக்கும் கடை நினைவுக்கு வரும். ஆச்சிக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது பத்து வார்த்தை. "பத் கேவாத?" என்று கேட்பார், சாப்பிட்டாயா என்று. சாப்பிட்டேன் என்றாலும் விடமாட்டார்.

லூலுவத்த, கோர்பட்ஸ் கேப், மீமுரே

பேராதனைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவர்கள் ஒரு கூட்டமாக வந்து தங்கினார்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன் என்று ஆளுக்கொரு பக்கம். விடுதிக்கே கல்யாண வீட்டுக் களை வந்துவிட்டது. "அக்கா, நீங்களும் வாங்கோவன்" என்று யாழ்ப்பாணத்துப் பெண் இழுத்ததில் நானும் மீமுரே வரை போனேன்.

ஹுன்னஸ்கிரிய சந்தியிலிருந்து லூலுவத்த வரை தேயிலை. கொழுந்து எடுப்பவர்கள் இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு சரிவில் நிற்கிறார்கள். கூடையெல்லாம் இப்போது குறைவு, பிளாஸ்டிக் பைதான். நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆக 2021 வரை போராட வேண்டியிருந்தது. அதுவும் சொன்ன கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுச் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். ஹட்டன் பையன் அதைச் சொல்லிக்கொண்டு வந்தான். அவன் அம்மா இன்னமும் மலையில் நிற்கிறார், அவன் பொறியியல் படிக்கிறான். மற்றப் பிள்ளைகள் கொஞ்ச நேரம் பாட்டை நிறுத்திக்கொண்டார்கள்.

தேயிலை முடிந்ததும் காடு. 2010-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த மத்திய மலைநாட்டில் இதுவும் ஒரு பகுதி. மரங்களின் அடியில் கைவிடப்பட்ட ஏலக்காய்ச் செடிகள் காடாக மண்டிக் கிடக்கின்றன. ஒரு காலத்தில் ஏலத்துக்குப் பெயர்போன மலை. காட்டைக் காக்க வேண்டும் என்று பயிரை நிறுத்தினார்கள். கசக்கி முகர்ந்தால் கையெல்லாம் பாயச வாசனை.

கோர்பட்ஸ் கேப்பில் மலை இரண்டாகப் பிளந்து வழிவிடுகிறது. காற்று ஆளைத் தள்ளுகிறது. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் தனியாக ஒரு கூம்பு, லக்கேகல. ராவணன் தன் விமானத்தைக் கிளப்பிய இடம் என்று இங்கே நம்புகிறார்கள். இந்த மலைக்காரர்களுக்கு ராவணன் வில்லன் இல்லை, எங்கள் ராஜா என்றுதான் பேசுகிறார்கள். மட்டக்களப்புப் பையன் அதற்கு மறுத்து ஏதோ சொல்ல, யாழ்ப்பாணத்துப் பெண் விட்டுக்கொடுக்காமல் பேச, இறக்கம் முழுக்க ராமாயணச் சண்டை.

மீமுரே கிராமத்தில் அடுக்கடுக்காக வயல். நடுவில் ஓடை. போனில் சிக்னல் இல்லை என்றதும் பிள்ளைகளுக்கு முதலில் முகம் வாடி, பிறகு தண்ணீரில் இறங்கியதும் மறந்துபோயிற்று. சாப்பாடு போட்ட வீட்டில் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, பலாக்காய், தேங்காய்ச் சம்பல். சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிடுகிற கூட்டத்தின் நடுவே பல நாளுக்குப் பிறகு உட்கார்ந்திருந்தேன். மட்டக்களப்புப் பையன், "இந்தியாக்காரர் சோத்துக்கு ரசம் ஊத்தித்தான் முடிப்பாங்களோ?" என்று சீண்டினான். ஆமாம், ரசம் இல்லாமல் எனக்குச் சாப்பாடு முடியாது. அன்று முடிந்தது.

மறுபடி ஹுன்னஸ்கிரிய

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அக்கா தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். மேட்டு லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், ஒவ்வொன்றும் ஒரு காம்பரா, முன்னால் ஒரு தாழ்வாரம். வெள்ளைக்காரன் காலத்துச் சுவர். பின்னால் மண்மேடு. மழை பிடித்தால் மண்சரிவு எச்சரிக்கை வரும், அப்போது மூட்டையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவோம் என்றார், சந்தைக்குப் போவதைச் சொல்வதைப் போல. உள்ளே சுவரில் முருகன், வேளாங்கண்ணி மாதா, விஜய்.

ஒரு பழைய போட்டோவை எடுத்துக் காட்டினார். ரயில் பெட்டிக்கு முன்னால் ஒரு குடும்பம், தகரப் பெட்டியோடு. அவர் சித்தப்பா குடும்பம். 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்து தோட்டத்துத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம் என்று. "கண்டியில கோச்சி ஏத்திவிட்டோம். தலைமன்னார் போயி, கப்பல் ஏறி, கோத்தகிரி போய்ச் சேந்தாங்க. அங்கயும் தேயிலதான்" என்றார். தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968-இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் நீலகிரியில் இருக்கின்றன. நான் எத்தனையோ தடவை ஊட்டி போயிருக்கிறேன். அங்கே கொழுந்து எடுப்பவர்களில் யார் யார் கண்டியில் பிறந்தவர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அன்று சமைத்திருந்தது சோறு, கோழிக் குழம்பு, ரசம். ரசத்தில் மிளகு தூக்கலாக, பூண்டை நசுக்கிப் போட்டு, எங்கள் அம்மா வைப்பதைவிடக் காரமாக. எனக்காகப் புளியைக் கடைத்தெருவில் போய் வாங்கி வந்திருக்கிறார். சாப்பிட்டு முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: துறையூர் எப்படி இருக்கும்? எனக்குத் தெரியவில்லை. வேலூரிலிருந்து நாலைந்து மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர், அதுவரை நான் போனதே இல்லை.

திரும்பி வந்த பிறகு போனேன். பஸ் ஸ்டாண்ட், கடைத்தெரு, ஏரி, பெருமாள்மலை எல்லாவற்றையும் வீடியோ எடுத்து விடுதிக்காரர் போனுக்கு அனுப்பினேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு அனுப்பிய குரல் செய்தி: "இவ்வளவு வெயிலா தங்கச்சி? நம்மாளு ஓடி வந்ததுல தப்பே இல்ல."

கண்டிக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். நுவரெலியாவுக்கு ஒரு நாளைக் குறைத்துக்கொண்டு ஹுன்னஸ்கிரிய போங்கள். மலைக்குக் காலையிலேயே கிளம்பி, பனி இறங்குவதற்குள் திரும்பிவிடுங்கள். காலுக்குச் சோப்புத் தேய்க்க மறக்காதீர்கள். தோட்டத்துப் பக்கம் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் இந்தியா என்று சொல்லி நிறுத்தாமல், மாவட்டம், வட்டம், கிராமம் வரை சொல்லுங்கள். அவர்கள் தேடுகிற ஊர் உங்கள் பக்கத்து ஊராக இருக்கலாம்.